பாண்டிப் பக்கம்

தெர்மாகோலைப் பிரித்தால்
இரண்டு மோட்டார், ஒரு பெல்ட், உள்ளங்கை அகலத்தில் கண்ணாடி.
இப்படி இரண்டு பெட்டி.
அதற்கு மூன்று ஓட்டை.
எங்கள் ஸ்பாட் லைட்டின் வாயில் நான்கு.
வண்டிப்பாளையம் ரோட்டு லேத்தில் தகடு வெட்டி வாங்கினேன்,
கூலி முந்நூறு, பிசிறு ராவியதற்குத் தனியாக நாற்பது.

மாட்டியதும் மூக்கு பாரமாகி
விளக்கு கவிழ்ந்தது,
மதியச் சோற்றுக்குப் பின் வகுப்பில் உட்கார்ந்தவன் மாதிரி.
காய்கறிக் கடையில் கேட்டு
ஆளுக்கொரு கிலோ எடைக்கல்லைப் பின்னால் கட்டினான் இருசப்பன்.
பாதுகாப்புக்கு நாய்ச்சங்கிலி.
"கல்லு ரெண்டும் வெள்ளிக்கிழம வேணுமாங்க்கா."
நாடகமே வெள்ளிக்கிழமைதான்.

கண்ணாடியைத் தொடாதே என்றேன்.
வீட்டுக் கண்ணாடிக்குப் பூச்சு முதுகில்,
இதற்கு முகத்திலேயே.
விரல் பட்டால் ரேகை சூட்டில் வெந்து
அங்கேயே குடியிருக்கும்.
கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு
தள்ளி நின்றே பார்த்தான்.
"மூஞ்சி ஒண்ணாத் தெரியுதுக்கா.
வீட்ல ஓரமா இன்னொண்ணு தெரியும்."
நாற்பது வருஷமாகக் கண்ணாடி பார்க்கிறேன்,
அந்த இன்னொன்றை நான் கவனித்ததில்லை.

ஸ்விட்ச் போட்டோம்.
விழித்த கையோடு இரண்டும்
ஒரு கோடிக்குப் போய் டக்கென்று இடித்து
மறுகோடிக்குப் போய் இடித்து
நடுவில் வந்து நின்றன.
முதலாவதை அசைத்தேன், இரண்டாவதும் அசைந்தது.
இரண்டுக்கும் ஒரே விலாச எண்,
ஒருவர் கடிதத்தை இருவர் பிரித்துப் படிக்கிறார்கள்.
குண்டூசியால் குட்டி ஸ்விட்சுகளைத் தள்ளி
ஒன்றை ஐந்தாம் வீட்டுக்குக் குடிமாற்றினேன்.

பிறகுதான் சண்டை.
"இடது!" மேடையிலிருந்து லூர்துநாதன்.
தள்ளினேன், என் இடது.
கண்ணாடியில் புரண்ட வெளிச்சம்
மூன்றாவதாக ஒரு இடதுக்குப் போனது.
"எந்த எடதுக்கா?"
ஏணி உச்சியில் இருசப்பன், பல்லிடுக்கில் ஸ்பேனர்.
வசனத்தாளால் விசிறிக்கொண்டே தனகோடி சொன்னாள்:
"பாண்டிப் பக்கம்னு சொல்லுங்களேன்."

மஞ்சக்குப்பத்து மண்டபம் இது.
வடக்கே பாண்டி, தெற்கே கெடிலம்,
மேடை முதுகுக்குப் பின்னால் கடல்.
அப்புறம் ஒருவரும் இடம் வலம் பேசவில்லை.
"பாண்டிக்குக் கொஞ்சம். போதும். கடலுக்கு ஏத்து.
ஐயோ, கெடிலத்துல விழுந்துட்டுது, தூக்கு!"

கண்ணாடி ஒரு பாகை திரும்பினால்
வெளிச்சம் இரண்டு பாகை திரும்புகிறது.
மயிரிழைதான் அசைப்பேன், அது மாவட்டம் தாண்டிவிடும்.
மகளிடம் நான் சொல்கிற சொல்லும் இப்படித்தான்
போய் விழுகிறது.

பதினோராம் நிலை, கட்டில்.
பன்னிரண்டு, கதவு.
பதினான்கு, மகன் சட்டையைத் தனகோடி மடிக்கும் இடம்.
தரையில் டேப் ஒட்டியாயிற்று.
அவளோ ஓரடி முன்னமே நின்றுவிட்டாள்.
இது ஆளைத் தேடி வராதும்மா, நீங்கதான் வரணும் என்றேன்.
"வர வேணாம்" என்றாள்.
வெற்றுப் பலகையில் கிடந்தது வட்டம்,
நடுவே ஒரு ஆணித்தலை.
இருட்டில் நின்றபடி
சட்டை பிடித்த கையை மட்டும்
உள்ளே நீட்டினாள்.
லூர்துநாதன் பேனாவைத் தேடினார்.

அப்போது கரண்ட் போனது.
மோட்டார் பிடி விட்டு
இரண்டு கண்ணாடியும் தலை தொங்கியதை
காதால்தான் கேட்டேன்.
கொசு. யாரோ இருமினார்கள்.
நாலு நிமிஷம் இருக்கும்.

வந்ததும் அவை தம் நடுவைத் தேடிக் கிளம்பின,
நான் எதையும் தொடவில்லை.
நன்கொடையாளர் பெயர்ப்பலகை,
பல்லி,
ஏணிப்படியில் கண்மூடி உட்கார்ந்திருந்த இருசப்பன்,
இன்னும் மடங்காமல்
நீட்டியே இருந்த ஒரு கை.
அதன்மேல் ஏறி
நிற்காமல் பாண்டி வரை போய்
டக்கென்று இடித்துத் திரும்பியது வெளிச்சம்.

கடைக்காரரிடம் சனிக்கிழமை என்று
சொல்லச் சொன்னேன்.